அரைப் பக்கத்துக்கு மேல வேண்டாம்

அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி உக்காந்தீங்கன்னா நானும் ஒண்டிக்கிடுவேன். மடியில என்ன, மிக்ஸி ஜாரா? பிளேடு மாத்திட்டு வாரீங்களோ. கோவில்பட்டியில கொடுத்தா நல்லாப் பண்ணித் தருவாங்க. எங்க இறங்கணும் நீங்க? வில்வநத்தமா? நல்லதாப் போச்சு, நானும் அங்கதான். இதுக்கு முன்னாடி வந்ததில்ல, ஊர் வந்ததும் ஒரு குரல் கொடுங்க.

என் பேரு கோமதிநாயகம். ஹைஸ்கூல் தமிழ் வாத்தியார். நாளைக்குக் காலையில கல்வி ஆபீஸ்ல எனக்கு விசாரணை வச்சிருக்காங்க. அதுக்குள்ள உங்க ஊர்ல ஒரு பிள்ளைகிட்ட ஒரு கையெழுத்து வாங்கியாகணும். அதுக்குத்தான் இந்த வெயில்ல வாரேன். கையெழுத்து கிடைச்சா நான் ஹெட்மாஸ்டர், லிஸ்டுல பேர் வந்தாச்சு. கிடைக்கலன்னா பதினேழு பி. உங்களுக்குப் புரியாது, அது கவர்மெண்ட்ல ஒரு மெமோ. அதை வாங்கிட்டா ப்ரமோஷன் அப்படியே நின்னு போகும். நேத்து வந்த பையன் ஹெட்மாஸ்டர் நாற்காலியில உக்காந்துகிட்டு என்னை ரூமுக்கு வரச் சொல்லுவான்.

என்ன, ஏதோ கேக்க வந்தீங்க. இருங்க, முதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்கு விளங்கும்.

நம்ம பிள்ளைங்க பேசாது, அண்ணாச்சி. வகுப்புல. வெளிய விட்டா காது கிழியும், உள்ள வந்தா வாய்க்குப் பூட்டு. பாடம் நடத்திட்டு "புரிஞ்சுதா"ன்னு கேட்டா, "புரிஞ்சுது சாஆஆர்"னு ஒரே ராகம். "யாருக்காவது சந்தேகம்?" ஒண்ணும் கிடையாது. "உனக்கு என்னம்மா தோணுது, சும்மா சொல்லு"ன்னு ஒருத்தியை எழுப்பிவிட்டா பெஞ்சைப் பாத்துகிட்டு நிப்பா. அதுல இருக்கிற கிறுக்கலை எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி நிப்பா. நான் எத்தனை வருஷம் கரடியா கத்தியிருப்பேன். மத்த வாத்தியார்களுக்கு இதுல சந்தோஷம்தான், சத்தம் இல்லாத வகுப்பு நல்ல வகுப்புன்னு ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட பேர் வாங்கிடலாம்ல. எனக்கு அது ஆகாது. பேச்சுன்னா ரெண்டு பக்கமும் வேணும். நான் மட்டும் பேசிட்டிருந்தா அது பேச்சா?

அப்பத்தான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. ட்ரெய்னிங்ல ஏதோ சொன்னாங்கதான், இல்லங்கல. ஆனா இது நானா யோசிச்சது. வாயைத் திறக்காத பிள்ளை எழுதுமில்லையா? அதனால வாரம் ஒரு கட்டுரை. சின்னக் கட்டுரை. அரைப் பக்கத்துக்கு மேல வேண்டாம். பேர் போட வேண்டாம். நான் வாங்கிக் கலைச்சுப் போட்டு, அதுல ஒண்ணை எடுத்து வகுப்புல வாசிப்பேன். யார் எழுதுனதுன்னு கேக்க மாட்டேன், யாரும் கேக்கக் கூடாது. வாசிச்சதுக்கு மத்தவங்க பதில் சொல்லணும். அவ்வளவுதான். "இந்த நாலு சுவத்துக்குள்ள வாசிக்கிறது இந்த நாலு சுவத்தைத் தாண்டாது"ன்னு சொன்னேன். என் வாயாலதான் சொன்னேன்.

முதல் வாரம் பாக்கணுமே நீங்க. "மழை"ன்னு தலைப்பு கொடுத்தா அத்தனை பேரும் முன்னுரை, பொருளுரை, முடிவுரைன்னு கோடு போட்டு எழுதிட்டு வந்துட்டாங்க. அத்தனையும் ஒரே நோட்ஸ்ல இருந்து. "மழையின்றி உலகில்லை, ஆகவே மழைநீரைச் சேமிப்போம்." எனக்குத் தலையில அடிச்சுக்கலாம்னு வந்துச்சு. ரெண்டாவது வாரம் தலைப்பை மாத்துனேன். "நேற்று நான் யாரிடம் பேசவில்லை, ஏன்?" அம்புட்டுத்தான், அண்ணாச்சி. மடை திறந்த மாதிரி ஆகிப்போச்சு. ஒருத்தன் எழுதியிருக்கான், பஸ் பாஸை வாங்கிப் பாத்துட்டு கண்டக்டர் ஒரு பேச்சு பேசினாராம், அதனால அவர்கிட்ட இறங்குற இடத்தைச் சொல்லாம ரெண்டு ஸ்டாப் தள்ளி இறங்கி நடந்தானாம். வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள நாலு பேர் எந்திரிச்சுட்டாங்க. கண்டக்டர் பண்ணுனது சரின்னு ரெண்டு, தப்புன்னு ரெண்டு. சத்தம் வராண்டா வரைக்கும் போயிருச்சு. பக்கத்து வகுப்பு கணக்கு டீச்சர் வந்து எட்டிப் பாத்தாங்க. எனக்கு அன்னிக்கு இருந்த சந்தோஷத்தை என்னன்னு சொல்ல. என் கல்யாணத்தன்னிக்குக் கூட அப்படி இருந்ததில்ல, உண்மையைச் சொல்றேன்.

கடைசிப் பத்து நிமிஷம் மட்டும் நான் எடுத்துக்குவேன். யார் சொன்னது சரி, யார் சொன்னது தப்புன்னு முடிச்சு வைக்கணுமில்லையா. இல்லன்னா சந்தைக்கடையாப் போயிரும். கார்த்தீஸ்வரின்னு ஒரு பிள்ளை, அவதான் ஒரு தடவை கேட்டா, "சார், நீங்களும் எங்க கூட ஒரு அரைப் பக்கம் எழுதுங்க சார்"னு. வகுப்பே சிரிச்சுது. நானும் சிரிச்சுட்டேன். வாத்தியார் கட்டுரை எழுதினா அதை யார் திருத்துறது? வீட்டுக்குப் போயி என் வீட்டுக்காரிகிட்ட இதைச் சொன்னேன். சொன்னேன்னா, அவளா என்ன ஸ்கூல்ல விசேஷம்னு கேட்டா, அப்பச் சொன்னேன். அவ ஒண்ணும் சிரிக்கல. "எழுதியிருக்கலாம்ல"ன்னுட்டு அடுப்படிக்குப் போயிட்டா. அவ அப்படித்தான், ஒரு விஷயத்தை ரசிக்கத் தெரியாது. நானும் ஸ்கூல்ல பேசிப் பேசிக் களைச்சு வாரேன், வீட்லயும் வந்து பேசுன்னா முடியுமா?

அந்தக் கார்த்தீஸ்வரிதான் நான் பாக்க வந்திருக்கிற பிள்ளை. உங்க ஊர்ல மாமன் வீட்ல இருக்கா. அம்மா பேரு ராமலட்சுமி. தெரியுமா உங்களுக்கு? தெரியுமா, நல்லதாப் போச்சு. வீட்டை நீங்களே காட்டிருங்க. என்னது? இருங்க, இருங்க, முடிச்சுக்கிடுறேன்.

அவ அப்பா செல்லச்சாமி எங்க ஸ்கூலுக்கு எதுத்தாப்புல டயர் கடை வச்சிருக்கார். பஞ்சர் ஒட்டுறது, காத்து அடிக்கிறது. நல்ல மனுசன், எனக்கே வண்டிக்கு எத்தனையோ தடவை ஒட்டிக் கொடுத்திருக்கார். வீடும் கடையும் ஒண்ணுதான், முன்னால கடை, பின்னால வீடு. அந்தப் பிள்ளை ஒரு வாரம் எழுதிக் கொடுத்தா பாருங்க. "எங்கள் வீட்டில் பேச்சு"ன்னு நான் கொடுத்த தலைப்பு. பேர் இல்ல, ஆனா எனக்குக் கையெழுத்து தெரியாதா? அப்படியே மனப்பாடமா இருக்கு எனக்கு. சொல்றேன் கேளுங்க.

"எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்வதில்லை. நான் நான்காம் வகுப்பு படிக்கும்போது நின்றது. ஏன் என்று தெரியாது. நான்தான் நடுவில் சொல்வேன். 'வந்து கொட்டிக்கிடச் சொல்லு' என்று அம்மா சொல்வார். நான் அப்பாவிடம் போய், 'சூடா இருக்காம்ப்பா, சாப்பிட வரச் சொல்றாங்க' என்பேன். 'அவ சோறு எனக்கு வேண்டாம்' என்று அப்பா சொல்வார். நான் அம்மாவிடம், 'அப்பாவுக்கு வேலை இருக்காம், உன்னை முதல்ல சாப்பிடச் சொல்றாரு' என்பேன். அன்றைக்கு அம்மா கொஞ்சம் கூடச் சாப்பிடுவார். காத்து அடிக்கிற மெஷின் ஓடினால் நான் கத்திச் சொல்ல வேண்டும். பொய்யைக் கத்திச் சொல்வது கஷ்டம்."

அவ்வளவுதான். அரைப் பக்கம் கூட வரல. நான் ஸ்டாஃப் ரூம்ல உக்காந்து அழுதேன், அண்ணாச்சி. வெக்கமில்லாமச் சொல்றேன், கண்ணீர் விட்டு அழுதேன். இத்தனை வருஷ சர்வீஸ்ல எந்தப் பிள்ளையும் எனக்கு இப்படி ஒண்ணை எழுதிக் கொடுத்ததில்ல. யாருக்காவது காட்டணும், இந்தாங்க என் வகுப்பைப் பாருங்கன்னு காட்டணும்னு மனசு கெடந்து துடிக்குது.

அந்த நேரம் பாத்து கல்வி ஆபீஸ்ல இருந்து அதிகாரி வாராருன்னு தகவல். ஹெட்மிஸ்ட்ரஸ் எஸ்தர் மேடம் என்னைக் கூப்பிட்டு, "சார், காலைக் கூட்டத்துல உங்க வகுப்புல இருந்து ஏதாவது ஒண்ணு வைங்க"ன்னாங்க. அவங்கதான் கேட்டாங்க. நானாப் போயி நிக்கல. இதை விசாரணையில வந்து சொல்லுங்க மேடம்னா, அந்தம்மா "நான் திருக்குறள்தான் வைக்கச் சொன்னேன்"ங்கிறாங்க. பாருங்க ஞாயத்தை.

ஒளிச்சு மறைச்சு நான் எதையும் செய்யல. அந்தப் பிள்ளையை ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். "உன் கட்டுரையைக் கூட்டத்துல வாசிக்கப் போறேன்"னேன். அவ கதவுகிட்டயே நின்னா. "சார், அது வகுப்புக்கு மட்டும்னு சொன்னீங்களே சார்"னா. "பேரைச் சொல்ல மாட்டேம்மா, யாருக்குத் தெரியப் போகுது, உனக்குத்தான் பெருமை"ன்னேன். அப்புறம் "சரி சார்"னா. சரின்னுதானே சொன்னா? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்ல? வாயைத் திறந்து பேசுங்கன்னு அத்தனை மாசம் நான் எதுக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்?

கூட்டத்துல நானே வாசிச்சேன். பிள்ளைங்க வாசிச்சா மென்னு முழுங்கும். கட்டுரைக்கு முடிவு இல்லாம அந்தரத்துல நின்னதால, ரெண்டு வரி நான் சேத்துக்கிட்டேன். "ஆகவே பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகளின் முன்னால் மனம்விட்டுப் பேசுங்கள்"னு. அந்தக் காத்து மெஷினை எடுத்துரலாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன், ஆனா கட்டுரைக்கு உசிரே அதுதான், எடுத்தா என்ன இருக்கு? அதிகாரி கை தட்டினார். "யார் சார் அந்த மாணவி"ன்னு கேட்டார். நான் சொல்லல. வாக்குக் கொடுத்தா கொடுத்ததுதான்.

ஆனா எங்க ஸ்கூல் கூம்பு ஸ்பீக்கர் இருக்கே, அதை சுதந்திர தினத்துக்குக் கட்டின மைக்செட்காரன் ரோட்டைப் பாத்துக் கட்டிட்டுப் போயிட்டான். உள்ள நிக்கிற பிள்ளைக்குக் கேக்காது, எதுத்த கடைத்தெரு முழுக்கக் கேக்கும். தினமும் நாங்க வாசிக்கிற திருக்குறளையும் செய்தியையும் டீக்கடையில உக்காந்து கேட்டுக்கிட்டுத்தான் பேப்பர் படிப்பாங்க. எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம் அது, எனக்கும் தெரியும். ஆனா மைக்குக்கு முன்னால நிக்கும்போது அதெல்லாம் ஞாபகம் வருமா? திருப்பிக் கட்டுங்கன்னு நான் ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். அவங்களுக்கு விசாரணை கிடையாது. எனக்கு விசாரணை.

கூட்டம் முடிஞ்சு பிள்ளைங்க வகுப்புக்குப் போகுது, செல்லச்சாமி கேட்டைத் தாண்டி உள்ள வாரார். கையெல்லாம் கறுப்பு. சண்டை போடத்தான் வாராருன்னு நெனச்சேன். அவர் சத்தமே போடல. என் முன்னால வந்து நின்னு, "சார், அந்தச் சாப்பிட வரச் சொல்ற எடத்தை இன்னொருக்கா வாசிங்க"ன்னார். நான் என்ன செய்ய? வாசிச்சேன். கேட்டுட்டு, "சூடா இருக்காம்னு அவ சொல்லவே இல்லியா"ன்னார். யாரைக் கேக்கிறார்னே தெரியல. எனக்கா தெரியும்? திரும்பிப் போயிட்டார்.

அப்புறம் நடந்ததை அவரே ஹெட்மிஸ்ட்ரஸ் ரூம்ல வச்சுச் சொன்னார். நேரா வீட்டுக்குள்ள போயி, சம்சாரத்தைப் பாத்து, "என்னை நீ ஒருநாள் கூடச் சாப்பிடக் கூப்பிட்டதே இல்லியா"ன்னு கேட்டிருக்கார். அந்தம்மா, "இல்ல. நீங்க என்னை முதல்ல சாப்பிடச் சொன்னது மட்டும் நெசமா?"ன்னு கேட்டிருக்கு. "இல்ல"ன்னிருக்கார். அவ்வளவுதான் பேச்சு. ஆனா அண்ணாச்சி, ஒண்ணு கவனிங்க. பிள்ளை நாலாம் வகுப்பு படிச்சதுல இருந்து பேசாத புருஷனும் பொண்டாட்டியும் அன்னிக்கு நேருக்கு நேர் பேசினாங்களா இல்லியா? எதனால பேசினாங்க? நான் வாசிச்ச கட்டுரையாலதானே? இதை ஒருத்தர் எடுத்துச் சொல்ல மாட்டேங்கிறாங்க. நானே விசாரணையில சொல்லலாம்னு இருக்கேன்.

மறுநாள் காலையில அந்தம்மா பிள்ளையைக் கூட்டிக்கிட்டு உங்க ஊருக்கு வந்துட்டாங்க. வந்த இடத்துல இருந்துக்கிட வேண்டியதுதானே? அந்தம்மாவோட தம்பிக்காரர், அதான் பிள்ளையோட மாமன், என் மேல ஒரு மனு எழுதிப் போட்டுட்டார். "குடும்ப விஷயத்தை ஊரறிய ஒலிபெருக்கியில் வாசித்து"ன்னு ஆரம்பிச்சு நாலு பக்கம். யாரோ வக்கீல் குமாஸ்தா எழுதிக் கொடுத்திருக்கணும், அத்தனையும் கடுமையான வார்த்தை. அந்தப் பிள்ளை எழுதியிருந்தா இப்படியா எழுதியிருக்கும்?

அதைக் கூட விடுங்க. எனக்கு மனசு விட்டுப் போனது எதுலன்னா, என் வகுப்புல. அவ ஸ்கூலை விட்டுப் போன அந்த வாரம் நான் எப்பவும் போலத் தாளைக் கொடுத்து, "எழுதுங்க, எதை வேணாலும் எழுதுங்க"ன்னேன். மூச்சு விடாம எழுதினாங்க. வாங்கிப் பாத்தா, "மரம் வளர்ப்போம்". அத்தனை பேரும். முன்னுரை, பொருளுரை, முடிவுரை. கலந்து பேசி வச்சுத்தான் எழுதியிருக்காங்க. தாளுக்குத் தாள் பேரும் நம்பரும் கொட்டை எழுத்துல வேற. "என்னப்பா இது"ன்னா பெஞ்சைப் பாக்கிறாங்க. "புரிஞ்சுதா"ன்னா "புரிஞ்சுது சாஆஆர்". நான் அவங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சேன், சொல்லுங்க. நன்றி கெட்டதுங்க. பாசம் வச்சுச் சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்கு ஒரு பிள்ளை வந்து, "சார், உங்க மேல தப்பில்ல சார்"னு ஒரு வார்த்தை சொல்லியிருக்குமா? எனக்கு ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது. வீட்டுக்காரி முழிச்சுத்தான் கெடக்கா, அவளும் ஒண்ணும் கேக்க மாட்டா.

சரி, அதான் இப்ப வந்திருக்கேன். பாதிக்கப்பட்ட பிள்ளையே, எனக்கு வருத்தமில்லன்னு ஒரு வாக்குமூலம் கொடுத்துட்டா மனு செல்லாதுன்னு எங்க சங்கத்துக்காரர் சொல்றார். அதனால நானே எழுதி எடுத்துட்டு வந்துட்டேன். இந்தா பாருங்க. அவளை உக்கார வச்சு எழுதச் சொன்னா யோசிப்பா, அழுவா, அதுக்கெல்லாம் நேரம் இல்ல. பாத்து எழுதி ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். வாசிக்கிறேன் கேளுங்க. "என் ஆசிரியர் திரு. கோமதிநாயகம் அவர்கள் என் கட்டுரையை என் சம்மதத்துடனே வாசித்தார். அதனால் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. எங்கள் வீட்டில் நடந்ததற்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. அவர்தான் எங்களுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தார்." எப்படி இருக்கு? அவ எப்படி எழுதுவாளோ அதே மாதிரி சின்னச் சின்ன வாக்கியமா எழுதியிருக்கேன். அவ வழக்கமாப் பண்ற தப்பு ரெண்டு இருக்கு, அதையும் வேணும்னே விட்டு வச்சிருக்கேன். இல்லன்னா நம்ப மாட்டாங்கள்ல.

என்ன ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறீங்க? ஏறினதுல இருந்து நான்தான் பேசிட்டு வாரேன். நீங்களும் ஏதாவது சொல்லுங்க.

என்னது? வீட்ல இருக்காதா? யாரு, கார்த்தீஸ்வரியா? மில்லுக்குப் போகுதா? எப்ப இருந்து? அட, தீபாவளிக்கு அப்புறம் இருந்தேவா. பத்தாம் வகுப்புப் பிள்ளையை மில்லுல எப்படி எடுக்கிறான்? வயசைக் கூட்டிச் சொல்லித்தானா. மாமன் வீட்ல எத்தனை நாளைக்குச் சும்மா சாப்பிடுறது, அதுவும் சரிதான். பொதுத் தேர்வுக்குப் பேர் அனுப்புற தேதி இந்த மாசத்தோட முடியுது. வாத்தியார் வந்து அதைத்தான் கேப்பாருன்னு நெனச்சீங்களா? கேக்கணும்தான். கேக்கிறேன். நாளைக்கு இது முடியட்டும், அப்புறம் ஒருநாள் நிதானமா வந்து கேக்கிறேன்.

நல்லா எழுதுற பிள்ளை, அண்ணாச்சி. அப்படி ஒரு பிள்ளை இனி என் வகுப்புல வராது.

மில் வேன் அவளை எத்தனை மணிக்குக் கொண்டாந்து விடும்? ராத்திரி ஒன்பதா? எனக்குக் கோவில்பட்டிக்குக் கடைசி பஸ் ஆறரைக்கே போயிருமே. காலையில விசாரணை.

அவங்க அம்மா இருப்பாங்கள்ல வீட்ல? கையெழுத்துப் போடத் தெரியுமா அந்தம்மாவுக்கு? தெரியாட்டியும் பரவாயில்ல, ரேகை வச்சாக் கூடப் போதும், தாயார் சொன்னாலும் செல்லும். "எனக்கு எந்த வருத்தமும் இல்லை"ன்னு இருக்கு பாருங்க, அதை அடிச்சுட்டு "என் மகளுக்கு எந்த வருத்தமும் இல்லை"ன்னு போட்டா முடிஞ்சுது. பேனா இருக்கா உங்ககிட்ட?